கறுப்புக்கு ஏழு, சிவப்புக்கு ஒன்று

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணயரலாம் என்று படுத்தேன். எட்டாம் வகுப்பு படிக்கும் பையன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான்.

"அப்பா, ஒரு நிமிஷம். ஆட்டமே ஆரம்பிக்கல, நீல டீமுக்கு 46 பாயிண்ட் காட்டுது."

ரோப்லாக்ஸ் என்று ஒன்று இருக்கிறது. பிள்ளைகள் வைத்திருக்கும் வீடுகளில் விளக்கத் தேவையில்லை. அதில் அடுத்தவர் செய்த விளையாட்டை ஆடலாம், நாமே ஒன்று செய்து நண்பர்களை ஆட வைக்கவும் செய்யலாம். எழுதும் நிரல்மொழியின் பெயர் லூவா. 1993-ல் பிரேசில் நாட்டில் உருவானது, போர்த்துகீசிய மொழியில் நிலா என்று பொருள். (பி.காம் படித்தவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். பையனுக்கு அப்பா ஆனால் எல்லாம் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.)

பையன் செய்த விளையாட்டு எளிமையானது. தரை முழுக்கச் சதுரக் கட்டங்கள். நீல அணிக்காரன் மிதித்தால் கட்டம் நீலமாகும், பச்சை அணிக்காரன் மிதித்தால் பச்சையாகும், சிவப்பு அணிக்காரன் மிதித்தால் சிவப்பாகும். மூன்று நிமிடம் முடிந்ததும் எந்த நிறத்தில் எத்தனை கட்டம் என்று எண்ணினால் அதுதான் ஸ்கோர். ரோப்லாக்ஸில் ஒவ்வோர் அணிக்கும் ஒரு நிறத்தைக் கொடுத்துவிடலாம். ஆகவே இவன் எழுதிய நிரல், இருக்கிற பொருளையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்து, அதன் நிறம் எந்த அணியின் நிறமோ அந்த அணிக்கு ஒன்று கூட்டு என்று சொன்னது. படித்துப் பார்த்தேன். தர்க்கத்தில் தவறில்லை. அப்புறம் அந்த 46 எங்கிருந்து வந்தது?

பாங்கில் இருபது வருடத்துக்கு மேல் குப்பை கொட்டிய அனுபவம் இங்கே கை கொடுத்தது. கணக்கு இடிக்கிறதென்றால் கூட்டலைச் சந்தேகப்படுவதற்கு முன்னால், எதையெல்லாம் கூட்டினோம் என்று பார்க்க வேண்டும். மைதானத்தைச் சுற்றி அழகுக்காக ஒரு மதில் கட்டியிருந்தான். மதில் நீல நிறம். மதிலில் இருந்த கற்கள் 46.

கட்டங்களை மட்டும் தனிப் பெட்டியில் போட்டு, அந்தப் பெட்டிக்குள் இருப்பதை மட்டும் எண்ணு என்றதும் ஸ்கோர் பூஜ்யத்துக்கு வந்தது. பையன் குதித்துக்கொண்டு போய்விட்டான். எனக்குத்தான் தூக்கம் போய்விட்டது. நிறத்தை வைத்துப் பாயிண்ட் எண்ணும் இந்த யோசனையை மனிதன் எப்போது பிடித்தான்? யோசிக்க யோசிக்க, நான் படுத்திருக்கும் ஊருக்கும் இதற்கும் சம்பந்தம் இருப்பது நினைவுக்கு வந்தது. மாற்றலில் வந்து நான் இப்போது குடியிருப்பது ஜபல்பூரில்.

*

முதலில் நம் ஊர்க் கதை. நாம் எல்லோரும் நிறத்துக்கு மதிப்புப் போட்டுக் கற்றுக்கொண்டது கேரம் போர்டில்தான். எங்கள் தெருவில் இரண்டு விதமாக ஆடுவோம். ஒன்று, உனக்குக் கறுப்பு எனக்கு வெள்ளை. மற்றது பாயிண்ட் ஆட்டம்: கறுப்புக்கு 10, வெள்ளைக்கு 20, ரெட்டுக்கு 50. ரெட்டைப் போட்டால் மட்டும் போதாது, அடுத்து ஃபாலோ போட வேண்டும். போடாவிட்டால் ரெட் மறுபடி நடுவில் உட்கார்ந்துகொள்ளும். அதில் வந்த சண்டைகளைத் தனியாக எழுதலாம்.

சம்மேளன விதிப்படி ஆடும் கேரமில் கணக்கு வேறு. அங்கே கறுப்பும் வெள்ளையும் சமம், எதிராளியிடம் மிச்சம் இருக்கும் காய் ஒவ்வொன்றுக்கும் ஒரு பாயிண்ட், ரெட்டுக்கு மூன்று, 25 எடுத்தால் ஆட்டம். சென்னையின் மரிய இருதயம் இரண்டு முறை உலகச் சாம்பியன் ஆனதும், 1996-ல் அர்ஜுனா விருது வாங்கியதும் இந்த விதியில் ஆடித்தான். எங்கள் தெருவின் 10-20-50 கணக்கு அவருக்குச் செல்லாது.

கவனித்தால், இந்த இரண்டு ஆட்டங்களிலும் நிறம் செய்யும் வேலை வேறு வேறு. முதல் ஆட்டத்தில் நிறம் 'யாருடையது' என்று சொல்கிறது. பாயிண்ட் ஆட்டத்தில் 'எவ்வளவு' என்று சொல்கிறது. பாங்கு பாஷையில், ஒன்று கணக்கு எண், மற்றது தொகை. என் பையனின் விளையாட்டில் நிறம் கணக்கு எண். இந்த இரண்டும் ஒரே மேஜையில் சந்தித்த இடம்தான் ஜபல்பூர்.

*

1875. அப்போது ஆங்கிலேயர் எழுத்தில் இது ஜப்பல்பூர். மழைக்காலம். மத்திய இந்தியாவின் மழைக்காலத்தை அனுபவித்தவர்களுக்குத் தெரியும், நர்மதை பொங்கிக்கொண்டிருக்க, வெளியே கால் வைக்க முடியாது. ராணுவ அதிகாரிகளுக்குப் போலோ கிடையாது, வேட்டை கிடையாது. மெஸ்ஸில் இருக்கும் பில்லியர்ட்ஸ் மேஜைதான் கதி.

அந்த மேஜையில் அப்போது சூதாட்டமாக ஆடிய ஆட்டங்கள் முக்கியமாக மூன்று. 'பிரமிட்ஸ்' என்பதில் பதினைந்து சிவப்புப் பந்துகளை முக்கோணமாக அடுக்குவார்கள். ஒரு பந்தைக் குழியில் போட்டால் இவ்வளவு காசு என்று பேசி வைத்திருப்பார்கள். எல்லாம் சிவப்பு, எல்லாம் ஒரே விலை. 'லைஃப் பூல்' என்பதில் ஆளுக்கொரு நிறப் பந்து. என் பந்து மஞ்சள் என்றால் எனக்கு அடுத்தவர் அதைக் குறி வைப்பார். அது குழியில் விழுந்தால் எனக்கு ஓர் உயிர் போகும், காசும் போகும். ஆளுக்கு மூன்று உயிர். (இன்றைக்கு வீடியோ விளையாட்டில் பிள்ளைகள் 'மூணு லைஃப்' என்கிறார்களே, விக்டோரியா மகாராணி காலத்திலேயே அது பில்லியர்ட்ஸ் மேஜையில் இருந்தது.) மூன்றாவது 'பிளாக் பூல்'. சிவப்புகளோடு ஒரு கறுப்புப் பந்தையும் சேர்த்துக்கொண்டு, கறுப்புக்குக் கூடுதல் விலை வைத்து ஆடுவது.

ஜபல்பூர் மெஸ்ஸில் டெவன்ஷயர் ரெஜிமென்ட்டைச் சேர்ந்த ஓர் இளம் அதிகாரி இருந்தார். நெவில் சேம்பர்லின். வயது 19. பெயரைப் பார்த்து, பின்னாளில் ஹிட்லரோடு ஒப்பந்தம் போட்டுவிட்டுக் குடையோடு திரும்பிய பிரதமர் என்று நினைக்க வேண்டாம். இவர் வேறு. பிளாக் பூலில் ஒரு கறுப்புதானே இருக்கிறது, இன்னும் சில நிறங்களைச் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை வைத்தால் என்ன என்று இவருக்குத் தோன்றியது. மஞ்சள், பச்சை, பிங்க் பந்துகள் மேஜைக்கு வந்தன. நீலமும் பழுப்பும் சேர்ந்தது சில வருடம் கழித்து.

லைஃப் பூலில் ஆளைக் காட்டிய நிறம் இங்கே தொகையைக் காட்டத் தொடங்கிவிட்டது. கணக்கு எண் என்ற வேலையிலிருந்து மாற்றலாகித் தொகை என்ற வேலைக்கு வந்துவிட்டது. நம் தெருக் கேரமின் இரண்டு ஆட்டங்களுக்கும் நடுவில் இருக்கும் அதே வித்தியாசம்.

பெயர் வந்த கதையும் இங்கேதான். உல்விச் ராணுவக் கல்லூரியில் முதல் வருட மாணவனை 'ஸ்னூக்கர்' என்று கேலியாக அழைப்பார்களாம். மெஸ்ஸுக்கு வந்த ஒருவர் சொல்லித்தான் சேம்பர்லினுக்கு அந்தச் சொல் தெரியும். பிறகு ஆட்டத்தில் ஒருவர் சுலபமான பந்தைத் தவறவிட்டதும், நீ சரியான ஸ்னூக்கர் என்று சேம்பர்லின் சொல்லியிருக்கிறார். அவர் மனம் கோணாமல் இருக்க, இந்த ஆட்டத்தில் நாம் எல்லோருமே ஸ்னூக்கர்கள்தான் என்றும் சேர்த்துச் சொன்னார். ஆட்டத்துக்கு அந்தப் பெயரே நின்றுவிட்டது. நம்ம ஊரில் 'கத்துக்குட்டி' என்போமே, கிட்டத்தட்ட அதுதான்.

இந்த ஊருக்கு வந்த புதிதில் அந்த மெஸ் எங்கே என்று தேடிப் பார்த்தேன். ஒரு பழைய கிளப்பைக் காட்டி, இங்கேதான் சாப் என்றார்கள். சேம்பர்லின் சொன்னதோ அதிகாரிகளின் மெஸ்ஸைப் பற்றி. எந்தக் கட்டடமாக இருந்தாலும் ஊர் இதுதான் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் இங்கே தெருவில் நிறுத்திக் கேட்டால் பத்தில் ஒன்பது பேர் பேடாகாட் பளிங்குப் பாறைகளைப் பற்றித்தான் சொல்வார்கள்.

*

அடுத்த கட்டம் நம் பக்கம். சேம்பர்லின் வேறு படைப்பிரிவுக்குப் போனார், ஆட்டத்தையும் கூடவே எடுத்துப் போனார். ஆப்கானிஸ்தான் போரில் காயம்பட்டார். 1881-ல் சென்னை ராணுவத்தின் தலைமைத் தளபதியாக வந்த சர் ஃபிரெடரிக் ராபர்ட்ஸின் கீழ் பணியில் சேர்ந்தார். வெயில் காலம் வந்தால் சென்னை அரசாங்கமே மலையேறி உதகமண்டலம் போய்விடும் காலம் அது. சேம்பர்லினும் போனார். ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் ஸ்னூக்கர் தினசரி ஆட்டமானது. 1882-ல் விதிகளை ஒழுங்காக எழுதி அந்த அறைச் சுவரில் மாட்டினார்கள்.

எனக்கு இந்த இடம் முக்கியமாகப் படுகிறது. ஜபல்பூரில் இருந்தது ஒரு யோசனை. ஊட்டியில்தான் அது விதியானது. வாயால் சொல்லிக்கொண்டிருந்தவரை ஆளுக்கு ஆள், மெஸ்ஸுக்கு மெஸ் மாறியிருக்கும், எங்கள் தெருவில் 10-20-50 என்றால் பக்கத்துத் தெருவில் 5-10-25 என்பது போல. எழுதி மாட்டியதும் யார் வந்து ஆடினாலும் ஒரே கணக்கு. பையனின் பாஷையில் சொன்னால், ஸ்னூக்கரின் முதல் நிரல் எழுதப்பட்டது நீலகிரியில்.

அங்கிருந்து இங்கிலாந்துக்குப் போன கதையில் இன்னொரு ராபர்ட்ஸ் வருகிறார். ஜான் ராபர்ட்ஸ், அப்போதைய பில்லியர்ட்ஸ் சாம்பியன். 1885-ல் இந்தியா வந்தவர், கூச் பெஹார் மகாராஜாவின் விருந்தில் சேம்பர்லினைச் சந்தித்து ஆட்டத்தைக் கேட்டுக்கொண்டு ஊர் திரும்பினார். 1900-ல் அங்குள்ள பில்லியர்ட்ஸ் சங்கம் அதிகாரபூர்வ விதிகளை வெளியிட்டது. 1927-ல் நடந்த இறுதி ஆட்டத்தில் ஜோ டேவிஸ் முதல் உலகச் சாம்பியன் ஆனார். 1946 வரைக்கும் அந்தப் பட்டத்தை அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

இத்தனை நடந்த பிறகும் ஆட்டத்தைக் கண்டுபிடித்தவர் யார் என்பது யாருக்கும் சரியாகத் தெரியாமலே இருந்தது. உல்விச்சில்தான் பிறந்தது என்று ஒரு கட்சி பேசிக்கொண்டிருந்தது. 1938-ல் 'தி ஃபீல்ட்' பத்திரிகைக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் 82 வயது சேம்பர்லின். நடந்தது இது, ஊர் ஜப்பல்பூர், வருடம் 1875 என்று விவரமாக எழுதியிருந்தார். மறுவருடம் எழுத்தாளர் காம்ப்டன் மெக்கன்சி அவர் தரப்பை ஆதரித்து எழுதினார். 1944-ல் சேம்பர்லின் இறந்தார். அறுபது வருடம் கழித்தாவது வாய் திறந்தாரே, இல்லாவிட்டால் ஜபல்பூருக்கும் ஊட்டிக்கும் இந்தப் பெருமை கிடைத்திருக்காது.

ஒரு விஷயம் மட்டும் மனதை உறுத்துகிறது. மழையில் பந்தைத் துடைத்து, அடுக்கி, ஸ்கோரைக் குறித்துவைக்க அந்த அறைகளில் ஆள் இருந்திருப்பார்கள். அந்த வேலைக்கே 'மார்க்கர்' என்று பெயர். பல கிளப்புகளில் அது நம்மவர்கள் செய்த வேலை. கண்டுபிடித்தவர் பெயர் வந்துவிட்டது. எண்ணியவர் பெயர் எதிலும் இல்லை. தினமும் நாள் முழுக்க எண்ணுகிற தொழிலில் இருக்கிறவனுக்கு இது தோன்றத்தானே செய்யும்?

*

இனி கணக்குக்கு வருவோம். இன்றைய ஸ்னூக்கரில் சிவப்பு 1, மஞ்சள் 2, பச்சை 3, பழுப்பு 4, நீலம் 5, பிங்க் 6, கறுப்பு 7. சிவப்பு பதினைந்து, மற்றவை ஒவ்வொன்று. ஒரு சிவப்பு போட்டால் ஒரு நிறப் பந்து போடலாம், பிறகு மீண்டும் சிவப்பு. விழுந்த சிவப்பு திரும்பாது. நிறப் பந்து மட்டும், சிவப்பு தீரும் வரை, எடுத்து அதன் இடத்தில் வைக்கப்படும். சிவப்பு தீர்ந்ததும் மஞ்சளில் தொடங்கிக் கறுப்பு வரை வரிசையாகப் போட வேண்டும்.

ஒருவர் தவறே செய்யாமல் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் போட்டால் எவ்வளவு? ஒவ்வொரு சிவப்புக்குப் பிறகும் கறுப்பு: 1 + 7 = 8. அது பதினைந்து தடவை, 120. கடைசியில் ஆறு நிறங்கள்: 2+3+4+5+6+7 = 27. ஆக 147. அதிகாரபூர்வமாக ஏற்கப்பட்ட முதல் 147-ஐ 1955-ல் எடுத்தவர் அதே ஜோ டேவிஸ். தொலைக்காட்சியில் முதலில் எடுத்தவர் இன்னொரு டேவிஸ், ஸ்டீவ் டேவிஸ், 1982-ல். 1997-ல் ரோனி ஓ'சல்லிவன் ஐந்தே கால் நிமிடம்கூட ஆகாமல் முடித்தார். எங்கள் கிளையில் ஒரு டோக்கன் நகர அதைவிட நேரமாகும்.

நிறத்தைப் பார்த்து எண்ணைக் கூட்டுவதுதானே, சின்னப் பையன்கூட நிரல் எழுதிவிடலாம் என்று தோன்றும். அங்கேதான் மாட்டிக்கொள்வோம். ஒரே கறுப்புப் பந்து. சிவப்பைப் போட்டுவிட்டு, கறுப்பைக் குறிவைத்து அடித்துப் போட்டால் எனக்கு 7. சிவப்பை அடிக்க வேண்டிய நேரத்தில் அது போய்க் குழியில் விழுந்தால் எதிராளிக்கு 7. தப்புக்கு அபராதம் குறைந்தது 4, சம்பந்தப்பட்ட பந்தின் மதிப்பு அதைவிட அதிகமென்றால் அந்த மதிப்பு. பந்து அதே பந்து, நிறம் அதே நிறம், தொகையும் அதே தொகை. எந்தப் பக்கம் எழுதுவது என்பதை மட்டும் நிறம் சொல்லாது. அது ஆட்டம் எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. டெபிட்டா கிரெடிட்டா என்பது ரூபாய் நோட்டின் முகத்தில் எழுதியா இருக்கிறது?

ஆக, ஊட்டிச் சுவரில் தொடங்கிய விதியில் வெறும் நிறப் பட்டியல் மட்டும் இல்லை. யார் முறை, அடுத்து எது அடிக்க வேண்டியது, விழுந்தது திரும்புமா என்று நான்கைந்து விஷயங்கள் சேர்ந்துதான் ஒரு பாயிண்ட். இதைப் பையனிடம் சொன்னபோது, "அப்ப என் கேம் ரொம்ப சிம்பிள்ப்பா" என்றான். கொஞ்சம் வருத்தத்தோடுதான்.

*

நிறத்தை நம்பிய ஆட்டத்துக்கு நிறம் தெரியாத காலமும் ஒன்று இருந்தது. கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியில் ஸ்னூக்கரைக் காட்டினால் என்ன புரியும்? எல்லாம் சாம்பல் உருண்டை. பிரிட்டனில் பிபிசி 2 அலைவரிசை 1967-ல் வண்ண ஒளிபரப்பைத் தொடங்கியது. வண்ணத்தைக் காட்டுவதற்குச் செலவு குறைந்த நிகழ்ச்சி தேவைப்பட்டது. ஒரு மேஜை, இரண்டு ஆள், ஏழெட்டு நிறம். 1969-ல் 'பாட் பிளாக்' என்ற ஸ்னூக்கர் நிகழ்ச்சி வந்தது. அலைவரிசையின் பொறுப்பில் இருந்து அதற்கு வழிவிட்டவர் டேவிட் ஆட்டன்பரோ, ஆமாம், விலங்குகளைப் பற்றிய படங்களில் நாம் பார்க்கும் அதே பெரியவர்தான். அப்போதும் பல வீடுகளில் கறுப்பு வெள்ளைப் பெட்டிதான். வர்ணனையாளர் டெட் லோ, கறுப்பு வெள்ளையில் பார்ப்பவர்களுக்காகச் சொல்கிறேன் என்று ஆரம்பித்து, இன்ன நிறப் பந்து பச்சைக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று விளக்கியதை இன்னமும் சொல்லிச் சிரிக்கிறார்கள். பச்சை எது என்று தெரிந்தால்தானே பக்கத்தில் இருப்பது தெரியும்! நமக்கு தூர்தர்ஷனில் வண்ணம் வந்தது 1982-ல், ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி.

இதுவரை எழுதிவிட்டு இந்தப் பதிவை முடித்திருப்பேன். நடுவில் வீட்டில் ஒன்று நடந்தது.

பையனின் விளையாட்டை ஆட எங்கள் குடியிருப்பில் இருக்கும் நான்கைந்து பிள்ளைகள் வருவார்கள். அதில் ஒருவன், இந்த ஊர்ப் பையன், இவனுக்கு மிக நெருக்கம். அவன் சிவப்பு அணி. ஏற்கெனவே சிவப்பாக இருக்கும் கட்டத்தையே மறுபடி மறுபடி மிதிக்கிறான், பக்கத்தில் இருக்கும் பச்சையை விட்டுவிடுகிறான். அவன் அணி தோற்றுக்கொண்டே இருந்தது. "வேணும்னே பண்றான்ப்பா, என் கேம் அவனுக்குப் பிடிக்கல" என்று இவன் குதித்தான். வார்த்தை தடித்து, அந்தப் பையன் எழுந்து போய்விட்டான். ஒரு வாரம் வரவில்லை. தற்செயலாக லிஃப்டில் அவனுடைய அப்பாவைப் பார்த்தபோது விஷயம் தெரிந்தது. பையனுக்குச் சிவப்பு பச்சை பிரித்துப் பார்க்க வராது. பிறவியிலேயே. அவனே வெளியில் சொல்லக் கூச்சப்படுவானாம்.

வீட்டுக்கு வந்து பையனை உட்கார வைத்து பீட்டர் எப்டன் கதையைச் சொன்னேன். இங்கிலாந்து ஆட்டக்காரர். அவருக்கும் நிறக்குருடு உண்டு. சிவப்புக்கும் பழுப்புக்கும் வித்தியாசம் தெரியாது. ஸ்னூக்கரில் இதைவிடப் பெரிய இடைஞ்சல் வேண்டுமா? சிவப்புக்கு 1, பழுப்புக்கு 4. அந்த மனிதர் 2002-ல் ஸ்டீபன் ஹென்ட்ரியை 18-17 என்று தோற்கடித்து உலகச் சாம்பியன் ஆனார்.

"எப்படிப்பா?"

பழுப்புக்கு மேஜையில் ஓர் இடம் உண்டு. விழுந்தால் எடுத்து அங்கேதான் வைப்பார்கள். அது நகராமல் இருக்கும்வரை இடத்தை வைத்துத் தெரிந்துகொள்ளலாம். நகர்ந்துவிட்டால், எது பழுப்பு என்று நடுவரிடம் கேட்பார். நடுவர் சொல்வார். நிறத்தைத் தவிர வேறு இரண்டு வழிகள் இருந்ததால் ஒரு சாம்பியன் கிடைத்தார். பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "என் கேம்ல கட்டத்துக்கு இடம் கிடையாது, கேக்கறதுக்கு நடுவரும் கிடையாது" என்றான்.

*

வேறு வழி என்ன என்று இருவரும் யோசித்தோம். எனக்கு நினைவுக்கு வந்தது தேர்தல். அதுவும் அணிவாரியாக எண்ணுவதுதானே.

1937 தேர்தலில் சென்னை மாகாணத்தில் வேட்பாளருக்கு வேட்பாளர் நிறப் பெட்டி வைத்தார்கள். காங்கிரசுக்கு மஞ்சள் பெட்டி. காந்திக்கும் மஞ்சள் பெட்டிக்கும் ஓட்டுப் போடுங்கள் என்பதுதான் பிரசாரம். எழுதப் படிக்கத் தெரியாதவரும் நிறத்தைப் பார்த்துச் சீட்டைப் போட்டுவிடலாம். சட்டசபையின் 215 இடங்களில் காங்கிரஸ் 159-ஐப் பிடித்தது. எண்ணும் வேலையும் எளிது, மஞ்சள் பெட்டியைத் திறந்து உள்ளே இருப்பதை எண்ணினால் ஆயிற்று. என் பையன் கட்டங்களைத் தனிப் பெட்டியில் போட்டு எண்ணியது போலவே.

சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தல் 1951-52-ல் நடந்தபோது வாக்காளர்கள் 17 கோடிக்கு மேல். தேசியக் கட்சிகளே 14. அத்தனைக்கும் தனித்தனி நிறத்துக்கு எங்கே போவது? அப்போதும் வேட்பாளருக்கு ஒரு பெட்டிதான், ஆனால் பெட்டியில் சின்னம் ஒட்டியிருந்தார்கள். காளை மாடு, ஆலமரம், குடிசை என்று. நிறம் தெரியாதவரும் மாட்டையும் மரத்தையும் குழப்பிக்கொள்ள மாட்டார். நிறக்குருடர்களை நினைத்து அப்படிச் செய்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பலன் அவர்களுக்கும் சேர்ந்தது.

நான் தினமும் தொடும் ரூபாய் நோட்டிலும் இதே பாடம்தான். 200 பளீர் மஞ்சள், 100 லாவெண்டர், 50 நீலம், 500 கல்லின் சாம்பல். நிறத்துக்கு ஒரு மதிப்பு, அச்சாக ஸ்னூக்கர். ஆனால் ரிசர்வ் வங்கி நிறத்தை மட்டும் நம்பி விட்டுவிடவில்லை. எண் இருக்கிறது, அளவு வேறுபடுகிறது, 100-ல் விரலுக்குத் தட்டுப்படும் முக்கோணமும் 500-ல் வட்டமும் இருக்கின்றன. கண் தெரியாதவர் கையால் தடவிச் சொல்லிவிடலாம். எங்கள் கவுன்ட்டருக்கு வரும் வாடிக்கையாளர் ஒருவர் நான் எண்ணிக் கொடுத்த நோட்டை அப்படித் தடவிச் சரிபார்த்து வாங்கிப் போவார். ஒரு நாளும் தப்பியதில்லை.

பையன் அன்று இரவே உட்கார்ந்து ஒவ்வோர் அணியின் கட்டத்திலும் ஒரு சின்னம் வரைந்தான். சிவப்புக்கு நட்சத்திரம், பச்சைக்கு இலை, நீலத்துக்கு மீன். நிரலில் நிறத்தை ஒப்பிடும் வரியை எடுத்துவிட்டு, கட்டத்தை யார் மிதித்தாரோ அவர் அணியின் பெயரைக் கட்டத்திலேயே எழுதி வைத்து அதை எண்ணச் சொன்னான். இப்போது மதில் எந்த நிறத்தில் இருந்தாலும் கவலையில்லை. நிறம் கண்ணுக்கு, கணக்குக்குப் பெயர். லெட்ஜர் எழுதும் எந்தக் குமாஸ்தாவும் ஒப்புக்கொள்ளும் ஏற்பாடு.

மறுநாள் மாலை அவனே இரண்டு மாடி இறங்கிப் போய் நண்பனைக் கூட்டி வந்தான். மன்னிப்புக் கேட்டானா என்று நான் விசாரிக்கவில்லை. அரை மணி நேரத்தில் அறையிலிருந்து ஹிந்தியில் பெரிய கூச்சல். எட்டிப் பார்த்தேன். சிவப்பு அணி 61, நீலம் 40, பச்சை 38. சிவப்பு அணிக்காரன் நாற்காலியில் நின்று ஆடிக்கொண்டிருந்தான். என் பையன் தோற்றுப்போய் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "அப்பா, ஸ்கோர்ல தப்பு இருக்கும்னு நினைக்கிறேன்" என்றான்.

நான் கூட்டிப் பார்த்தேன். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

உங்கள் தெருவில் பாயிண்ட் கேரமில் கறுப்புக்கும் வெள்ளைக்கும் ரெட்டுக்கும் என்ன மதிப்பு வைத்து ஆடினீர்கள்? ஊர்ப் பெயரோடு சொல்லுங்கள். ஊட்டியில் மாட்டியது போல நாமும் எங்காவது எழுதி வைக்கலாம்.